நம்பர்தான் இருக்கிறதே

போன மாதம் ஓசூரில் கார் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் சீட் கவர் மாற்றக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பலகையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பூஜ்யம் முதல் ஒன்பது வரை ரப்பர் பட்டன்கள், கீழே பூட்டுப் படம் போட்ட ஒரு பட்டன்.

"சார், இதை டிரைவர் டோர்ல ஒட்டிட்டா சாவியே வேணாம். நாலு நம்பர் அழுத்துனா தொறக்கும், இதை அழுத்துனா பூட்டும். இப்ப எல்லாரும் கேக்கறாங்க. போட்டுரலாமா?" என்றார்.

கூட வந்திருந்த என் மகளுக்கு ஆறு வயது. பலகையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்த ஆரம்பித்தாள். காட்டுவதற்காக அதில் பேட்டரி போட்டு வைத்திருந்தார்கள் போல. ஒவ்வொரு அழுத்தலுக்கும் 'பீப்' என்றது. "வேண்டாம்" என்று நான் சொன்னது கடைக்கு வெளியே வரை கேட்டிருக்கும்.

கடைக்காரர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் சார், நல்ல பொருள்தானே என்று மட்டும் கேட்டார். நல்ல பொருள்தான். அவருக்கு அங்கே சொல்லாத பதில்தான் இது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூர் வந்தவன். இங்கே ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எது எப்போது எப்படிக் கெட்டுப்போகும் என்று நாள் முழுக்க யோசிப்பதுதான் வேலை. பயப்படுவதற்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலை ஓயாது. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன். "பயப்பட ஒன்னுமே கெடைக்கலன்னா, அதுக்கும் பயப்படுவீங்க" என்பாள் என் மனைவி.

அவள் ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை என்ற ஊர்க்காரி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று மூன்றிலும் சண்டை போடத் தெரிந்தவள். அவளுடைய அண்ணன் அங்கே தக்காளியும் குடைமிளகாயும் போடுகிறார். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது மச்சான் பெங்களூரில் ஒரு பழைய கார் வாங்கினார். அந்தக் காரின் கதவில்தான் நான் முதன்முதலாக இந்த எண் பலகையைப் பார்த்தேன்.

மச்சானுக்கு அது வரமாக வந்தது. அவர் ஏற்கெனவே மோட்டார் போடக் குனிந்து பைக் சாவியைக் கிணற்றில் விட்டவர். டிராக்டர் சாவியைத் தக்காளிக் கூடையோடு சந்தைக்கு அனுப்பியவர். கார் வந்த பிறகு சாவியைக் கியருக்குப் பக்கத்திலுள்ள தட்டில் போட்டுவிட்டு, கதவைப் பூட்டி, கையை வீசிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார். சேற்றுக் கையோடு வந்து விரல் முட்டியால் நாலு எண்ணைத் தட்டுவார், கதவு திறக்கும். சாவி தொலைந்து பகலெல்லாம் தேடிய மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். இதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததில் அந்தப் பலகையின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பேரிகை போயிருந்தோம். முதல் நாள்தான் எங்கள் தொழிற்சாலையில் பூஜை முடிந்திருந்தது. அங்கே எங்களுக்கு ஒரு விதி உண்டு. முன்பு ஒரு முறை, மெஷினின் ஸ்டார்ட் பட்டன் மேல் யாரோ கனமாகச் சந்தனம் வைத்து, அது உள்ளே இறங்கிக் காய்ந்து, மறுநாள் அழுத்திய பட்டன் எழும்பாமல் அப்படியே நின்றுவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை, எங்கள் நல்ல நேரம். அதிலிருந்து பூஜைக்கு முன்னால் மைக்கில் சொல்லிவிடுவோம்: "பொட்டு பட்டன் மேல வைக்காதீங்க, ஓரமா பெட்டி மேல வைங்க." மைக் பிடித்துச் சொல்வது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். அந்த வருஷமும் நான்தான் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் பேரிகையில் டிராக்டர், மோட்டார், மருந்தடிக்கும் மெஷின், கார் எல்லாவற்றையும் கழுவி வாசலில் நிறுத்தினார்கள். காருக்குப் பொட்டு வைப்பது என் மனைவியின் வேலை. பானெட், சக்கரம், ஸ்டியரிங் முடித்துவிட்டு அவள் கதவுப் பக்கம் வந்தாள். இடுப்பில் மகள். நல்ல கெட்டிச் சந்தனத்தைத் தொட்டு, அந்தப் பலகையின் ஒவ்வொரு எண் பட்டன் மேலும் ஒரு பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். பத்துப் பொட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. "எப்படி கீது?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் வாயைத் திறந்தேன். தட்டில் கற்பூரத்தோடு மாமியார் நின்றார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். போன பொங்கலுக்கு அவர்கள் கேஸ் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நான் கொடுத்த புத்திமதியை வைத்து அந்த வீட்டில் ஒரு வாரம் சிரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை மறுபடியும் கம்பெனி ரூல் பேச வந்துவிட்டார் என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். "நல்லா இருக்கு" என்றேன்.

மறுநாள் விஜயதசமிக்குக் கல்லாவியில் மச்சானின் மாமனார் வழியில் ஒரு புதுமனை புகுவிழா. மச்சானுக்குக் காலையில் தக்காளி லோடு இருந்தது. காரை எங்களிடம் கொடுத்துவிட்டு, லோடு ஏற்றியதும் வேறு வண்டியில் வருவதாகச் சொன்னார். எண்ணையும் சொன்னார். அதில் ஐந்து இரண்டு தடவை வரும்.

"சாவிய பாக்கெட்ல போட்டுனு போயிடாதீங்க மாப்ள. எங்கியாவது உட்டுட்டா இன்னொன்னு வூட்ல எங்க கீதுன்னு எனக்கே தெரியாது. தட்டுலயே கெடக்கட்டும். நம்பர்தான் இருக்குதே" என்றார்.

கிளம்பும்போது நான் எண்ணை அழுத்தினேன். திறந்தது. ஆனால் ஐந்து மட்டும் அழுத்திய பிறகு சோம்பலாக எழும்பியது. அதை என் விரல் கவனித்தது. வேலையில் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்பேன். அன்று லீவு.

சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி போய், ஊத்தங்கரை ரோட்டில் திரும்பினோம். மகள் பின் சீட்டில் தூங்கிவிட்டாள். விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று ரோட்டோரத்தில் பூவும் பழமும் விற்கும் ஒரு கடையின் அருகே நிறுத்தச் சொன்னாள் மனைவி. ஒரே ஒரு புளியமரம் இருந்தது, அதன் நிழலில் ஒரு லாரி நின்றது. காரை வெயிலில் நிறுத்தினேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. புரட்டாசி வெயில் எப்படிக் காயும் என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மனைவி இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே கையைக் காட்டிக் கூப்பிட்டாள், பழத்தட்டும் தேங்காயும் தூக்க ஆள் வேண்டும். இருபது அடி தூரம். பிறகு நான் செய்தது ஒவ்வொன்றையும் பயந்துதான் செய்தேன், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இஞ்சினை ஓடவிட்டு ஏசியோடு விட்டுப் போகலாமா என்று யோசித்தேன். பிள்ளை எழுந்து கியரைத் தொட்டுவிட்டால் என்று பயந்து அணைத்தேன். கண்ணாடியை இறக்கி வைக்கலாமா என்று யோசித்தேன். யாராவது கையை விட்டால் என்று பயந்து ஏற்றியே வைத்தேன். பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள் என்று அந்த மாதம் முழுக்க வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தது. பூட்டாமல் போகப் பயந்து, இறங்கி, பூட்டுப் பட்டனை அழுத்தினேன். நாலு கதவும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. சாவி தட்டில் கிடந்தது. நம்பர்தான் இருக்கிறதே.

திரும்பி வந்து, ஒரு கையில் பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினேன். ஐந்தை அழுத்தியதும் அது உள்ளே போனது, திரும்பி வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் அழுத்தினேன். சிவப்பு. தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அழுத்தினேன். நீளமாக ஒரு 'பீப்' சத்தம் வந்தது, அதற்குப் பிறகு எதை அழுத்தினாலும் அது பேசவில்லை.

மச்சானுக்குப் போன் செய்தேன். சந்தைச் சத்தத்தில் அவர் கத்தினார்: "தப்பு நம்பர் ரொம்ப வாட்டி போட்டா அது கொஞ்ச நேரம் நின்னுடும் மாப்ள! திருடனுக்கோசரம் அப்படி. கொஞ்சம் பொறுத்துப் போடுங்க, தொறந்துக்கும்!" பிள்ளை உள்ளே இருப்பதை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். பலகையைப் பார்த்தாள். சந்தனம் வெயிலில் காய்ந்து பட்டனைச் சுற்றிச் சிமென்ட் மாதிரி பிடித்திருந்தது. தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துக் கொடுத்தாள். நான் சுரண்ட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் மகள் எழுந்தாள்.

முதலில் சிரித்தாள். ஜன்னலில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிவது அவளுக்கு விளையாட்டாக இருந்திருக்கும். பிறகு கதவுப் பிடியை இழுத்துப் பார்த்தாள். பிள்ளைகள் திறந்துவிடக்கூடாது என்று பின் கதவுகளுக்கு ஒரு தடுப்பு உண்டே, அதையும் காலையில் நான்தான் போட்டேன். "முன்னாடி வாம்மா, முன் சீட்டுக்கு வா, கதவுல அந்த லாக் குச்சிய மேல தூக்கு" என்று மனைவி கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சொன்னாள். பிள்ளைக்குக் கேட்டதோ என்னவோ. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். "அப்பா, தொற" என்று வாயசைவு தெரிந்தது. அப்பாதான் திறப்பவன் என்று அவளுக்குத் தெரியும்.

சுரண்டியதில் ஐந்து மேலே வந்துவிட்டது. அழுத்தினால் போகிறது, விட்டால் வருகிறது. எனக்கு உயிர் வந்தது. எண்ணைப் போட்டேன். பலகை இன்னும் பேசவில்லை. பொறுக்க வேண்டும் என்றாரே என்று விரலை எடுத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆட்கள் கூடிவிட்டார்கள். லாரி டிரைவர் கர்நாடகாக்காரர், இறங்கி ஓடிவந்து உள்ளே பார்த்தவர், "கிளாஸ் ஒடீரி சார்! ஒடீரி!" என்று கத்தினார். கண்ணாடியை உடைக்கச் சொல்கிறார் என்பது எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். பூக்காரம்மா தெலுங்கில் அழுதுகொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷம், தொறந்துரும்" என்றேன்.

மறுபடியும் அழுத்தினேன். சிவப்பு. பதறிய விரல் எட்டுக்குப் பதில் ஒன்பதில் பட்டிருக்கும். மறுபடியும். சிவப்பு. நீளமான 'பீப்'. திரும்பவும் வாயை மூடிக்கொண்டது.

"ரெண்டு நிமிஷம்" என்றேன் யாரிடமோ.

அந்த நேரத்தில் என் மண்டைக்குள் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கண்ணாடி உடைந்தால் பிள்ளை மேல் தெறிக்கும் என்று நினைத்தேன். மச்சானின் வண்டி என்று நினைத்தேன். நேற்றுப் பூஜை போட்ட வண்டி, மறுநாளே கண்ணாடியை உடைத்தால் அவர்கள் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றும் நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, எண் எனக்குத் தெரியும், நான்கே எண், சரியாக அழுத்தினால் திறந்துவிடும் என்று நினைத்தேன். கார்க் கதவுக் கண்ணாடி எப்படி உடையும், உடைந்தால் கத்தியாகத் தெறிக்காமல் கற்கண்டாக உதிரும், நடுவில் அடிக்காமல் மூலையில் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் தொழிலில் எனக்குத் தெரிந்த விஷயம். பிள்ளை பின்னால் வலது பக்கம் இருந்தாள். முன்னால் இடது பக்கக் கதவில் ஒரு முழுக் கண்ணாடி சும்மா இருந்தது. அது என் கண்ணிலேயே படவில்லை.

பிறகு அழுகை நின்றது. அதற்கு முன்னால், அவள் அழுதபோது எனக்கிருந்த பயம் ஒன்றுமே இல்லை. அவள் கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்தாள். முடி நெற்றியில் ஒட்டி, முகம் செக்கச்செவேலென்று, சீட்டில் மெதுவாகச் சாய்ந்தாள். தூக்கம் வந்த பிள்ளை மாதிரி சாய்ந்தாள். அது தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் கட்டைவிரல் அந்த ஐந்தின் மேல்தான் இருந்தது.

மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். பூக்கடையின் தார்ப்பாய் பறக்காமல் இருக்க ஓரங்களில் கிரானைட் துண்டுகளை வைத்திருந்தார்கள், குவாரியில் கழித்துப் போடுகிற கல். அதில் கூர்மையான ஒன்றை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். முன் கதவுக் கண்ணாடியின் கீழ் மூலையில் அடித்தாள். முதல் அடிக்கு வழுக்கியது. இரண்டாவது அடிக்கு மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்தது. கையை உள்ளே விட்டு, குச்சியைத் தூக்கி, கதவைத் திறந்து, சீட்டுக்கு நடுவில் பாதி உடம்பை நுழைத்துப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளேயிருந்து வந்த சூடு அடுப்பைத் திறந்த மாதிரி என் முகத்தில் அடித்தது. அதுவரைக்கும் நான் டிரைவர் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன்.

லாரி டிரைவர் தன் தண்ணீர்க் கேனைப் பிள்ளையின் மேல் சாய்த்தார். பூக்காரம்மா ஈரத் துணியால் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, மகள் இருமி, கண்ணைத் திறந்து, அம்மாவின் தோளில் வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்து அழுதவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

கிருஷ்ணகிரிக்குத் திரும்பி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு நேரம் உள்ள இருந்தா?" என்று கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்றேன்.

"இருவது நிமிஷம் மேடம்" என்றாள் மனைவி. "நான் சொல்றன், எழுதிக்கோங்க."

அன்று ராத்திரி வரை வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மச்சான் ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்தார். "கண்ணாடி போனா போவுது வுடுங்க மாப்ள, பத்து கண்ணாடி போட்டுக்கலாம். மொதல்லியே கொழந்த உள்ள கீதுன்னு சொல்லியிருந்தா, ஒடைங்கன்னு அப்பவே சொல்லியிருப்பனே" என்றார். அவருக்கு அது சாதாரணமாக வந்த வார்த்தை.

பட்டன் மேல் பொட்டு வைத்ததை நான் அவளிடம் கேட்டதில்லை. பூட்டியதை அவள் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் பட்டன் மேல் பொட்டு வைக்கக்கூடாது என்று எனக்கு முன்பே தெரியும் என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் அவளிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தெரியும். போன வருசமே சொன்னீங்க, கம்பெனியில மைக்ல சொன்னேன்னு. நான்தான் மறந்துட்டன்" என்றாள்.

மச்சான் ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் அந்தப் பலகையைச் சுத்தம் செய்துவிட்டு இன்றும் அதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு தட்டுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்கு அது வைத்துக்கொள்ளத் தக்க பொருள். எனக்கு அல்ல. அன்று அந்தக் கதவில் வெறும் சாவித் துவாரம் மட்டும் இருந்திருந்தால், சாவி உள்ளே கிடப்பதைப் பார்த்த அந்த நிமிஷமே நானும் கல்லைத் தேடியிருப்பேன். எண் இருந்தது. அதனால் நின்று அழுத்திக்கொண்டே இருந்தேன்.

எங்களுக்கென்று கார் வாங்கியபோது, எங்கள் தொழிற்சாலையின் டூல் ரூமில் சொல்லி, கெட்டிப்படுத்திய இரும்பில் விரல் நீளத்துக்கு ஒரு கூர்முனை செய்து வாங்கினேன். மூலையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் எந்தக் கார்க் கதவுக் கண்ணாடியும் உதிர்ந்துவிடும். அதைப் பழைய கண்ணாடித் துண்டுகளில் மூன்று தடவை சோதித்துப் பார்த்து, ஒரு சின்னத் தோல் உறையில் போட்டு, மனைவியிடம் கொடுத்தேன். "உன் ஹேண்ட்பேக்லயே இருக்கட்டும். எப்பவும்" என்றேன்.

அவள் உறையிலிருந்து எடுத்து, கூர்முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். கோபமில்லை, கிண்டலுமில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எனக்கு எதுக்குங்க? எனக்குக் கல்லு போதும். இது உங்ககிட்ட இருக்கட்டும்."

திருப்பி என் சட்டைப் பையில் போட்டாள். போன மாதம் கடையில் மகள் எண்களை அழுத்திக்கொண்டிருந்தபோதும் அது அங்கேதான் இருந்தது.